கோசாயிகுண்டத்துக்குப் போன வேலாயி

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலாயியின் முகத்தைப் பார்த்துக் கொழுந்து பறித்தவர்கள் குறைவு. முதுகைப் பார்த்துப் பறித்தவர்கள்தான் அதிகம். ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பாள். ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிரித்துக் கொடுத்த உடனே இறங்கிவிடுவாள். மற்றவர்கள் பாதி நிரை தாண்டுவதற்குள் மேல் ரோட்டில் நின்று வெற்றிலை மென்றுகொண்டே, என்னடி அங்கேயே குடும்பம் நடத்துறீங்களா என்று கேட்பாள். வாய் அப்படி. கையும் அப்படித்தான், அதனால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. கங்காணிகூட அவளிடம் கொஞ்சம் தணிந்துதான் பேசுவார்.

அடுத்த நிரை எப்போதும் மீனம்மாவுக்கு. இரண்டு பேரும் ஒரே லயத்து வரிசை வீடு, ஒரே வயது. ஆனால் மீனம்மாவின் வேகம் வேறு. ஒவ்வொரு செடியையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போவாள் என்று வேலாயி கேலி பேசுவாள். பேசுவாளே தவிர, எடை போடுகிற நேரத்தில் மீனம்மாவின் கொழுந்து குறையும் போலத் தெரிந்தால், தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போட்டுவிட்டு மறுபக்கம் பார்த்துக்கொள்வாள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். தோட்டத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. உடம்பு சரியில்லை என்று பாதியில் இறங்கினாலும் அதே அரைப் பேர்தான். அதனால் வேலாயி வேலை செய்த காலம் முழுக்க உடம்பு சரியில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. காய்ச்சல் வந்தால் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள், கோடாலித் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொள்வாள், முன்னைவிட வேகமாகப் பறிப்பாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் சனியன் பிடித்தது. கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்குமா? தண்ணீர்ப் பீலியடியில் சண்டை, கூப்பன் கடையில் சண்டை. மகள் ஜெயந்தினி தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். அம்மாவின் வாயால் எனக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்று அவள் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சிவராத்திரி வந்தது.

ஹட்டன் கோயிலில் முத்துலிங்கம் சார் பேசினார். ஓய்வுபெற்ற வாத்தியார், வருசா வருசம் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு யாத்திரை போகிறவர். இந்தத் தடவை நேபாளத்துக்கு, கோசாயிகுண்டத்துக்குப் போகிறோம் என்றார். ஆலகால விசத்தைக் குடித்த சிவபெருமானுக்குத் தொண்டை எரிந்ததாம். தண்ணீர் தேடி இமயமலையில் ஏறி, சூலத்தால் பாறையைக் குத்தினாராம். அங்கே பொங்கின தண்ணீர்தான் அந்தக் குளம். ரோடு கிடையாது, வழிகாட்டியை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் நடந்துதான் ஏற வேண்டும் என்று சார் சொன்னதும் பாதிப் பேர் சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டார்கள். வேலாயிக்கு அந்த இடத்தில்தான் ஆசையே பிறந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று ஜெயந்தினி பயந்துவிட்டாள். கும்பிடத்தானே வேண்டும், சிவனொளிபாத மலை பக்கத்திலேயே இருக்கிறது, அதில்தான் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாயே என்று கேட்டாள்.

"அங்க போனதெல்லாம் உங்களுக்காகடி," என்றாள் வேலாயி. "உனக்குக் காய்ச்சல் விடணும், உங்க அப்பன் குடிய விடணும், தம்பிக்கு வேல கெடைக்கணும். மத்த மலையெல்லாம் தோட்டத்துக்காக ஏறுனது. பொறந்ததுலருந்து மலைதான் ஏறுறேன், எனக்குன்னு ஒரு மலை ஏறியிருக்கேனா? கூடை இல்லாம, பின்னால யாரும் வெரட்டாம, ஒரு தடவ ஏறணும். ஏறிப்போய்ச் சும்மா நிக்கணும்."

அம்மா தனக்கென்று ஒன்றைக் கேட்டு ஜெயந்தினி பார்த்ததே இல்லை. ஓய்வுக் காசு கையில்தான் இருக்கிறது, போய் வா என்று சொல்லிவிட்டாள்.

மறுநாளே மீனம்மா வந்து நின்றாள், நானும் வாரேன் என்று. நீ வந்தா நான் அடுத்த சிவராத்திரிக்குத்தான் போய்ச் சேருவேன் என்றாள் வேலாயி. மீனம்மா சிரித்துக்கொண்டே போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஹட்டனில் சப்பாத்துக் கடை வைத்திருக்கிற நஸார் நாநா இரண்டு பேருக்கும் மலை ஏறுகிற சப்பாத்து எடுத்துக் கொடுத்தார். புதுச் சப்பாத்தோடு போனால் காலைக் கடித்துவிடும், இன்றையிலிருந்தே போட்டு நடந்து பழகுங்க என்று சொல்லி அனுப்பினார். வேலாயி எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளா? பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் சப்பாத்து, விறகு பொறுக்கப் போனாலும் சப்பாத்து. லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பாருங்க பாருங்க, நல்லாப் பாருங்க, இது இமயமலைக்குப் போற காலு என்று காலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள்.

சித்திரை கழிந்ததும் கிளம்பினார்கள். விமானம் ஏறியது, காட்மாண்டுவில் இறங்கியது, ஜீப்பில் குலுங்கிக் குலுங்கித் துன்சே என்கிற மலையூருக்குப் போனது எல்லாம் வேலாயிக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மலை எங்கே, அதைக் காட்டுங்க என்கிற அவசரம்தான்.

துன்சேயில் வழிகாட்டி வந்தார். பேர் பூர்ணா. அந்த மலைச் சாதிக்காரர், வெயிலில் கறுத்த கன்னம், அதிகம் பேசாத ஆள். முத்துலிங்கம் சாரிடம் இங்கிலீசில் சொன்னார், சார் தமிழில் சொன்னார். மெதுவாக நடக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். தலை வலித்தால் ஒளிக்காமல் உடனே சொல்ல வேண்டும், மேலே காற்று மெலிசு, ஆளையே கொன்றுவிடும். எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள். வேலாயியும் ஆட்டினாள். ஆட்டினது தலைதான், அவள் கால் ஏற்கெனவே பாதி மலையில் நின்றது.

காலையில் படி ஏறத் தொடங்கினதும் பழைய புத்தி வந்துவிட்டது. முன்னால் ஆள் போனால் வேலாயிக்குத் தாங்காது. ஒவ்வொருவராகத் தாண்டினாள். பூர்ணா ஓடி வந்து, "பிஸ்தாரை, ஆமா, பிஸ்தாரை," என்றார். மெதுவாக அம்மா, மெதுவாக என்று அர்த்தம். வேலாயிக்குத் தமிழ் தெரியாத ஆள் என்றாலே சிங்களம்தான், வேறு வழக்கமில்லை. "மட்ட புளுவன், மல்லி," என்றாள், என்னால முடியும் தம்பி என்று. நேபாளத்து மனுசன் அந்தச் சிங்களத்தைக் கேட்டு விழித்துக்கொண்டு நிற்க, இவள் அடுத்த வளைவைத் தாண்டிவிட்டாள்.

அன்றைக்குத் தங்க வேண்டிய சந்தன்பாரிக்கு அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். அங்கே தங்குமிடத்து வாசலில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணியையும் குடித்து முடித்து, சாயம் போதாது, இது தூள் இல்லை தூசி என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். கொழும்பிலிருந்து வந்த பேங்க் மெனேஜரும் டாக்டர் வீட்டு அம்மாவும் நாக்குத் தள்ள வந்து விழுந்தார்கள். எல்லாருக்கும் கடைசியில் மீனம்மா, பூர்ணாவோடு சைகையால் பேசிக்கொண்டே ஆடி அசைந்து வந்தாள். அன்றைக்கு வேலாயிக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. சும்மா சொல்லக்கூடாது, பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

மறுநாளும் அதே கூத்து. காடு முடிந்து, சிவப்புப் பூ மரங்கள் முடிந்து, வெறும் புல்லும் கல்லுமாக ஆனது வழி. லவுரிபினா என்கிற இடத்தில் ஏறி நின்றபோது எதிரே பனிமலைகள் வரிசையாக நின்றன. வேலாயி பார்த்தாள். பார்க்கும்போதே பின்மண்டையில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருந்தது.

தலை வலித்தால் சொல்லச் சொன்னார்கள் அல்லவா? சொல்லுவாளா அவள்? சேலைத் துணியைக் கிழித்துத் தலையில் இறுக்கிக் கட்டினாள். தைலம் தேய்த்தாள். குளிருக்குக் கட்டியிருக்கிறேன் என்று கேட்டவர்களிடம் பொய் சொன்னாள். ஒரு கல்லுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்தாள். நாளைக்கு ஒரு ஏற்றம், அதோடு குளம் வந்துவிடும். அதுவரைக்கும் தாக்குப் பிடித்தால் போதும் என்று கணக்குப் போட்டாள்.

சாயங்காலம் மீனம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த, மிளகாய் இடித்த கட்டச் சம்பல் போத்தலைத் திறந்தாள். ரொட்டியில் வைத்து நீட்டினாள். வேலாயி வேணாம் என்றாள். கட்டச் சம்பலை வேலாயி வேணாம் என்று சொல்லி மீனம்மா இதற்கு முன் கண்டதில்லை. தலைக்கட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், அவள் கல்லுக்குப் பின்னால் போய் வந்ததும் நினைவுக்கு வந்தது. எழுந்து நேராகப் பூர்ணாவிடம் போனாள். தன் தலையைத் தொட்டுக் காட்டி, வேலாயியைக் காட்டி, வாந்தி எடுக்கிற மாதிரியும் செய்து காட்டினாள்.

பூர்ணா வந்தார். ரத்தத்தில் காற்று போதுமா என்று பார்க்கிற ஒரு சின்ன மிசினை விரலில் மாட்டினார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். வேலாயி நடந்தாள், கால் குறுக்கே போனது. அவர் சாரிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். சாரின் முகம் மாறிவிட்டது. இப்போதே கீழே இறங்க வேண்டும், சந்தன்பாரிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே. தலை தெளிந்தால் மறுபடி ஏறலாம், கூட்டம் மேலே ஒரு நாள் கூடத் தங்கும். தெளியாவிட்டால் அப்படியே ஊருக்கு.

வேலாயி மீனம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"காட்டிக் குடுத்துட்டியேடி, பாவி," என்றாள்.

மீனம்மா உள்ளே போய் இரண்டு பேர் பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். நீ எதற்கு, நீ மேலே போ என்று சார் சொன்னார். எனக்கும் கால் வலிக்குதுங்க சார் என்றாள். அந்தக் காலுக்கு ஒரு வலியும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தைக் கூட வந்த துணை வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுப் பூர்ணாவே இவர்களோடு இறங்கினார்.

இறங்குகிற வழி முழுக்க வேலாயி அழுதாள். மறைத்து அழவில்லை, வாய்விட்டே அழுதாள். ஏறின ஒவ்வொரு மேட்டையும் இறங்க இறங்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரு தடவை தனக்கென்று கேட்டாள், அதுவும் கைக்கு எட்டின நேரத்தில் போய்விட்டது. மீனம்மாவைத் திட்டினாள், அவள் ஏழு தலைமுறையைத் திட்டினாள். பூர்ணாவுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் விசயம் புரிந்திருக்கும். அவர் வேலாயியின் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

சந்தன்பாரியில் அடுத்த நாள் முழுக்க ஓய்வு. தலைவலி பொழுது ஏற ஏறக் குறைந்துவிட்டது. கோபம்தான் குறையவில்லை. இரண்டு பேரும் வெயிலில் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் வேலாயிதான் கேட்டாள், நான் உனக்கு என்னடி கெடுதல் செஞ்சேன் என்று.

"மலையில எனக்குக் கொழுந்து கொறைஞ்சப்ப எல்லாம் நீ அள்ளிப் போட்ட," என்றாள் மீனம்மா. "நான் வேணாம்னு சொன்னேனா? வாங்கிக்கிட்டேன். உனக்கு வாங்கிக்கத் தெரியல, அதான் சங்கதி. இங்க உனக்கு யாரும் அரைப் பேர் போட மாட்டாங்க வேலாயி. தலை வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு."

வேலாயிக்குச் சுருக்கென்றது. அந்தச் சம்பல் போத்தல் எங்கே என்று கேட்டாள். மீனம்மா எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் விரலில் மிசினை மாட்டிப் பார்த்துவிட்டுப் பூர்ணா தலையாட்டினார். ஏறலாம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார், கையாலேயே காட்டினார். முன்னால் மீனம்மா. அவள் பின்னால் வேலாயி. கடைசியில் அவர். மீனம்மாவை யாரும் தாண்டக் கூடாது.

அட கடவுளே. வேலாயிக்கு அதைவிடத் தண்டனை இருக்கிறதா? மீனம்மா ஒரு அடி வைப்பாள், மூச்சு விடுவாள், இன்னொரு அடி வைப்பாள். வேலாயியின் கால் பரபரத்தது. இரண்டு தடவை ஒதுங்கி முன்னால் போகப் பார்த்தாள், இரண்டு தடவையும் பூர்ணா பையைப் பிடித்து இழுத்தார். வேறு வழியில்லாமல் மீனம்மாவின் குதிகாலைப் பார்த்தே நடந்தாள். அது தூக்கினால் இவள் தூக்கினாள், அது நின்றால் இவளும் நின்றாள். போகப் போகப் பரபரப்பு அடங்கியது. நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்தது. முதல் தடவை இதே வழியில் ஏறினபோது இந்தச் சிவப்புப் பூக்களைத் தாண்டினாளே தவிர, அதில் தேன் குடிக்கிற குருவிகளைப் பார்க்கவில்லை. மீனம்மா தினமும் இப்படித்தான் வேலை செய்தாளா என்று நினைத்தாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு லவுரிபினா வந்தது. முன்பு தலை வலித்த அதே இடம். பூர்ணா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து தன் தலையைத் தொட்டுக் காட்டினார். எப்படி இருக்கிறது?

வேலாயியின் பின்மண்டையில் ஒரு கனம் இருந்தது. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் இருந்தது. இல்லை என்று சொன்னால் காலையில் குளம். இருக்கிறது என்று சொன்னால் இந்த மனுசன் மறுபடி கீழே இறக்கிவிடுவான், அதோடு எல்லாம் முடிந்தது, ஏனென்றால் நாளைக்குக் கூட்டம் மேலேயிருந்து இறங்குகிறது. மீனம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் போய்ச் சொல்லப் போவதில்லை என்று வேலாயிக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் கனமா இருக்கு," என்றாள் வேலாயி. பின்மண்டையைத் தொட்டும் காட்டினாள்.

வேலைக்குப் போன காலத்திலிருந்து அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. பூர்ணா மிசினை மாட்டிப் பார்த்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நடந்தாள், கால் கோட்டை விட்டு விலகவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், பெரிய கோப்பை நிறையப் பூண்டு சூப் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் பார்க்கலாம் என்று படுக்கையைக் காட்டினார். இது நம்ம பூண்டு ரசம், மிளகு போடத் தெரியாத ஆளு வச்சது என்று சொல்லிக்கொண்டே வேலாயி கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

விடிந்தபோது கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. மெதுவாகத் தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். கனம் இல்லை. எழுந்து உட்கார்ந்தாள், அப்போதும் இல்லை. பூர்ணா மிசினைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார்.

கடைசி வழி மலையின் விலாவை வெட்டிப் போட்ட ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். மீனம்மா முன்னால், வேலாயி அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால். ஒரு வளைவில் கீழே பச்சையாக ஒரு குளம் தெரிந்தது. வேலாயி கை கூப்பிவிட்டாள். பூர்ணா சிரித்துக்கொண்டே, இது இல்லை என்று கை காட்டினார். இன்னும் ஏறினார்கள். இன்னொரு குளம். அதுவும் இல்லையாம். நல்லா ஏமாத்துறாருடி சிவன் என்றாள் வேலாயி. மூச்சு வாங்கினது, ஆனால் சிரிப்பும் வந்தது.

அப்புறம் மேடு முடிந்தது. குளம் அங்கே இருந்தது.

நாலு பக்கமும் பாறையும் பனித் திட்டுகளும், நடுவில் நீலம். கரையோரத்தில் உறைந்த பனி இன்னும் கரையாமல் கிடந்தது. கூட்டம் எல்லாம் கரையில் நின்றது. இவர்களைக் கண்டதும் முத்துலிங்கம் சார் இரண்டு கையையும் தூக்கினார். கொழும்பு மெனேஜர் ஓடி வந்து பையை வாங்கினார்.

வேலாயி யாரையும் பார்க்கவில்லை. நஸார் நாநாவின் சப்பாத்தைக் கழற்றினாள். சேலையோடு தண்ணீரில் இறங்கினாள். குளிர் எலும்பைக் கடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள், மறுபடி முங்கினாள், இன்னொரு தடவையும் முங்கி எழுந்து, உடம்பில் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "அரோகரா!" என்று கத்தினாள். பாறைகள் அதைத் திருப்பிச் சொல்லின. கரையில் நின்ற அத்தனை பேரும் கூடச் சேர்ந்து சொன்னார்கள், நேபாளத்து யாத்திரிகர்களும் சேர்ந்து சொன்னார்கள். மீனம்மா முழங்கால் தண்ணீரில் நின்று நடுங்கிக்கொண்டே தலையில் மட்டும் தெளித்துக்கொண்டாள். வேலாயி அவளைப் பிடித்து இழுத்து ஒரே அமுக்காக அமுக்கினாள்.

துணி மாற்றிக்கொண்டு கரைப் பாறையில் வந்து உட்கார்ந்ததும், என்ன வேண்டிக்கிட்டீங்க அம்மா என்று டாக்டர் வீட்டு அம்மா கேட்டார். வேலாயி யோசித்துப் பார்த்தாள். தண்ணீருக்குள் மகளின் நினைப்பு வரவில்லை, மகனின் நினைப்பு வரவில்லை, யாருக்கும் எதையும் கேட்கவில்லை.

"ஒண்ணுமே கேக்கலீங்க," என்றாள். "வந்துட்டேன்னு சொன்னேன்."

வெயில் ஏறியது. மத்தியானத்துக்கு மேல் மழை பிடிக்கும், இப்போதே இறங்கினால்தான் நல்லது என்று பூர்ணா சொன்னார். சார் விசில் ஊதினார். எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

வேலாயி எழுந்திருக்கவில்லை. கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சார் கிட்ட வந்து, போவோமா என்று கேட்டார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கேங்க," என்றாள் வேலாயி.

சார் பூர்ணாவைப் பார்த்தார். பூர்ணா வானத்தைப் பார்த்தார், அப்புறம் வேலாயியைப் பார்த்தார். தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். மீனம்மா ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். சாரும் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் பையை இறக்கினார்கள். அவளாக எழுந்திருக்கிற வரைக்கும் யாரும் கிளம்பவில்லை.